காட்டைக் காதுல கொண்டு வந்து வைக்கிற ஆப்: எட்டு மாசம் கேட்டுட்டு எழுதறேன்

முதல்லயே சொல்லிடறேன், இந்த ஆப்பை நான் ரெண்டு தடவை டெலீட் பண்ணிட்டு திரும்ப போட்டிருக்கேன், அதனால இது முழு பாராட்டும் கிடையாது முழு திட்டும் கிடையாது. விஷயம் என்னன்னா மனுஷனுக்கும் இயற்கைக்கும் நடுவுல என்ன நடக்குதுங்கறத வெறும் சத்தத்த வச்சே கதையா சொல்றாங்க, வீடியோ கிடையாது, படம்னு பாத்தா எபிசோடுக்கு ஒரே ஒரு கவர் போட்டோ அவ்ளோதான். ஒரு எபிசோட் இருபது நிமிஷத்துல இருந்து அம்பது நிமிஷம் வரைக்கும் ஓடும். கூடவே தூங்கறதுக்கு மழை, அலை, தவளைன்னு ஒரு பெரிய குடோனே வச்சிருக்காங்க, அதப் பத்தி அப்புறம் வரேன். ஆப் பேரை வேணும்னேதான் போடல, கீழ கொஞ்சம் காட்டமா எழுதப்போறேன், அதுவுமில்லாம இதே மாதிரி இன்னும் ரெண்டு மூணு கேட்டு பாத்துட்டேன், பாதி குறை எல்லாத்துலயும் அச்சு அசல் ஒரே மாதிரிதான் இருக்கு.

நான் ஏன் இதுக்குள்ள வந்தேன்னா, கண்ணு. நாள் முழுக்க ஸ்கிரீன் பாத்துட்டு ராத்திரி வந்து திரும்பவும் ஸ்கிரீன்ல புலி பாக்கறதுக்கு தெம்பு இல்ல. காதாவது சும்மாதான இருக்கு, பாத்திரம் கழுவறப்ப, துணி மடிக்கறப்ப, பஸ்ல போறப்பன்னு அதுக்கு ஏதாவது வேலை குடுப்போம்னு சேந்தேன்.

முதல் மூணு எபிசோட் சுமார். ரெண்டு நிமிஷத்துக்கு ஒருக்கா பியானோ, நடுவுல ஒருத்தர் மூச்சு விட்டு விட்டு பேசறாரு, ஏதோ நம்மள தூங்க வைக்கிற மாதிரி. கேன்சல் பண்ணலாம்னு செட்டிங்ஸ் வரைக்கும் போய்ட்டேன், பின்னாடி ஆட்டோ பிளேல நாலாவது எபிசோட் ஓட ஆரம்பிச்சிருச்சு, கை அப்படியே நின்னு போச்சு.

அது தேன்காட்டிப் பறவை பத்தின எபிசோட். மொசாம்பிக்ல நியாசான்னு ஒரு பெரிய காடு, அங்க இருக்கற யாவோ மக்கள் தேன் எடுக்க போறப்ப வாயால ஒரு சத்தம் குடுக்கறாங்க, நாக்க உருட்டி "பிர்ர்ர்ர்"னு இழுத்து கடைசில தொண்டையில "ஹ்ம்"னு ஒரு முனகல். அதக் கேட்டுட்டு ஒரு சின்ன பறவை வருது. வந்து கத்திக்கிட்டே மரத்துக்கு மரம் தாவித் தாவி போகுது, இவங்க பின்னாடியே போறாங்க, போனா தேன்கூடு. இவங்க புகை போட்டு மரத்த வெட்டி தேன எடுத்துக்கறாங்க, பறவைக்கு மெழுகு. ஆமா மெழுகுதான், அத செரிக்கற வயிறு அதுக்கு இருக்கு. பறவைக்கு கூடு இருக்கற இடம் தெரியும் ஆனா உடைக்க முடியாது, மனுஷனுக்கு உடைக்க தெரியும் ஆனா கூடு எங்க இருக்குன்னு தெரியாது, ரெண்டு பேரும் பேசி வச்சிக்கிட்ட மாதிரி வேலை நடக்குது.

இதுல நான் அசந்த விஷயம், அந்த பறவைய யாரும் வளக்கல, பழக்கல, கூண்டுல வைக்கல. அம்மா அப்பாகிட்ட கத்துக்கிச்சான்னா அதுக்கும் வழி இல்ல, ஏன்னா தேன்காட்டி குயில் மாதிரிதான், வேற பறவை கூட்டுல முட்டை வச்சிட்டு போயிரும், போதாக்குறைக்கு இதோட குஞ்சு பொறந்த கையோட அலகு நுனில இருக்கற கொக்கியால அந்த வீட்டு குஞ்சுகளயே குத்தி கொன்னுரும். அவ்ளோ கொடூரமா பொறந்து வளந்த ஒண்ணு மனுஷன் கூப்பிட்டா வந்து வழி காட்டுது. 2016-ல சயின்ஸ் இதழ்ல கிளேர் ஸ்பாட்டிஸ்வுட்னு ஒரு விஞ்ஞானியும் அவங்க குழுவும் இத சோதிச்சு எழுதியிருக்காங்க: வேற ஏதாவது சத்தம் போட்டுட்டு நடந்தா பறவை வழிகாட்ட வர வாய்ப்பு 33 சதவீதம், இந்த பிர்ர்-ஹ்ம் போட்டா 66. கடைசில கூடு வரைக்கும் போய் சேர்ற வாய்ப்பு 16-ல இருந்து 54. இன்னொரு பக்கம் தான்சானியாவுல ஹாட்ஸா மக்கள் இதே வேலைக்கு விசில் அடிக்கறாங்க, அங்க இருக்கற பறவை விசிலுக்கு அதிகமா வருது, இங்க இருக்கறது பிர்ர்-ஹ்ம்முக்கு அதிகமா வருது. பறவைக்கும் வட்டார வழக்கு இருக்குன்னு வச்சுக்கங்க.

இத டிவில காட்டியிருந்தா நான் அந்த பறவையோட கலரையும் தேன் வழியறதயும் பாத்துட்டு ஆஹான்னுட்டு போயிருப்பேன். ஆடியோவுல இது ரெண்டு குரல் மட்டும்தான். அவரு கூப்பிடறாரு, ரொம்ப நேரம் ஒண்ணும் இல்ல, சருகு மேல நடக்கற சத்தம், திரும்ப கூப்பிடறாரு, தூரத்துல எங்கயோ டிச்-டிச்-டிச்னு தீப்பெட்டிய குலுக்கற மாதிரி ஒரு பதில். அந்த எடத்துல கதை சொல்றவரு வாயே திறக்கல, மூணு நிமிஷத்துக்கு மேல இருக்கும், பியானோவும் இல்ல. இத எடிட் பண்ண புண்ணியவான் யாருன்னு தெரியல, அவருக்கு ஒரு கும்பிடு. அன்னிக்கு ராத்திரி சமையல்கட்டுல நின்னுக்கிட்டு நானும் பிர்ர்ர்-ஹ்ம் போட்டு பாத்துட்டிருந்தேன், அம்மா உள்ள இருந்து "யார்ரா கூப்பிடற, கதவத் திறக்கணுமா"ன்னு கேட்டாங்க.

சரி, அந்த ஒரு எபிசோடுக்காக மொத்தத்தயும் கேட்டேன். இனி வரிசையா இல்ல, ஞாபகம் வர மாதிரி எழுதறேன்.

திமிங்கல எபிசோட் நல்ல கதை, கெட்ட சமையல். ஃபிராங்க் வாட்லிங்டன்னு ஒரு என்ஜினியர், பெர்முடா பக்கத்துல அமெரிக்க கடற்படை வேலைக்காக கடலுக்கு அடியில மைக் போட்டு கேட்டுட்டு இருந்தவரு, அதுல ஹம்ப்பேக் திமிங்கலங்க பாடறது பதிவாகுது. அது திமிங்கல ஆராய்ச்சி பண்ணிட்டிருந்த ரோஜர் பெய்ன், கேட்டி பெய்ன் தம்பதி கைக்கு போகுது. கேட்டு கேட்டு பாத்தா அது சும்மா முனகல் இல்ல, ஒரு வரிசை இருக்கு, அந்த வரிசை அப்படியே திரும்ப வருது, அதாவது பாட்டு. 1970-ல அத எல்பி ரெக்கார்டாவே வெளியிட்டாங்க, ஒரு மிருகத்தோட குரல ஜனங்க காசு குடுத்து வாங்கி வீட்ல உக்காந்து கேட்டாங்க. 1979-ல நேஷனல் ஜியாக்ரஃபிக் பத்திரிகையோட ஒரு மெல்லிசான பிளாஸ்டிக் ரெக்கார்டா ஒரு கோடியே அஞ்சு லட்சம் பிரதி போச்சு. நடுவுல 1977-ல வாயேஜர் விண்கலத்துல பூமியோட சத்தங்கள பதிஞ்சு வச்சு அனுப்பின தங்க முலாம் ரெக்கார்டுலயும் திமிங்கல குரல் ஏறிருச்சு. 1982-ல வியாபாரத்துக்காக திமிங்கலம் பிடிக்கறத நிறுத்தணும்னு சர்வதேச ஆணையம் ஓட்டு போட்டு 1986-ல அது நடைமுறைக்கு வருது. பாட்டு ஒண்ணாலயே தடை வந்துச்சுன்னு சொன்னா அது மிகை, எண்ணிக்கை அதல பாதாளத்துக்கு போனதும் நிறைய பேர் பல வருஷம் தெருவுல நின்னதும் சேந்துதான் வந்துச்சு, இத எபிசோட்லயும் ஒழுங்கா சொல்றாங்க, அதுக்கு மார்க் குடுக்கணும். ஆனா எதுக்கு வேட்டையாடறோம்னு கேள்வியே கேக்காத ஜனங்கள அந்த குரல் கேக்க வச்சிருக்கு, அதுல சந்தேகம் இல்ல.

இப்ப சொல்லுங்க, உலகத்தயே திரும்பி பாக்க வச்ச ஒரு பாட்டு, அதுக்கு பின்னாடி எதுக்குய்யா வயலின்? திமிங்கலம் ஒரு இழுப்பு இழுக்கறப்ப வயலினும் கூட ஏறுது, அது இறங்கறப்ப இதுவும் இறங்குது. நல்லா பாடறவங்க பக்கத்துல நின்னு கூடவே ஹம் பண்றவன் மாதிரி. எனக்கு அழுகை வரணும்னு முடிவு பண்ணி பிழியறாங்கன்னு தெரிஞ்சதும் வரவேண்டியதும் வராம போயிருச்சு. மியூசிக்க தனியா ஆஃப் பண்ண ஒரு பட்டன் வைங்கன்னு சப்போர்ட்டுக்கு எழுதினேன், "உங்கள் கருத்து எங்களுக்கு மதிப்புமிக்கது"ன்னு பதில் வந்துச்சு. பட்டன் இன்னும் வரல.

இதவிட பெரிய பிரச்சனை ஒண்ணு இருக்கு, நான் கேக்கறது அந்த எடத்துல பதிவு பண்ணதா இல்ல வேற எங்கயோ பதிவு பண்ணி ஒட்டினதாங்கறது. டிவி காட்டு விலங்கு படங்கள்ல சத்தத்துல பாதி ஸ்டுடியோவுல செஞ்சதுன்னு அந்த தொழில்ல இருக்கறவங்களே ஒளிக்காம சொல்றாங்க, அரை கிலோமீட்டர் தள்ளி நின்னு லென்ஸ்ல எடுக்கறப்ப கரடி நடக்கற சத்தம் மைக்ல விழாது இல்லயா. அங்க படம் இருக்கு, சத்தம் சும்மா துணைக்குன்னு விட்றலாம். ஆடியோவுல சத்தம்தான் சாட்சியே. அது பொய்னா கதையே பொய். இந்த ஆப்ல எந்த எபிசோட் குறிப்புலயும் எந்த சத்தம் எங்க, எப்ப, யார் பதிவு பண்ணாங்கன்னு ஒழுங்கா போடல, தேன்காட்டி எபிசோட் மாதிரி நாலஞ்சுல மட்டும் இருக்கு. சும்மா சேவையா நடக்கற ஜெனோ-கேன்டோ மாதிரி பறவை குரல் தளத்துலயே ஒவ்வொரு பதிவுக்கும் தேதி, எடம், பதிவு பண்ணவர்னு எல்லாம் இருக்கு, காசு வாங்கறவங்களுக்கு என்ன கஷ்டம்?

வேடிக்கை என்னன்னா இந்த விஷயத்தயே ஒரு எபிசோடா பண்ணியிருக்காங்க, அதுவும் நல்லா. 1924 மே 19, இங்கிலாந்துல பியாட்ரிஸ் ஹாரிசன்னு ஒரு செல்லோ (பெரிய வயலின் மாதிரி ஒரு வாத்தியம்) கலைஞர், அவங்க தோட்டத்துல அவங்க வாசிக்கறப்ப நைட்டிங்கேல் பறவை கூட சேந்து பாடுதுன்னு பிபிசிகாரங்கள சம்மதிக்க வச்சு நேரடி ஒலிபரப்பு. மைக், வண்டி, ஆளுங்கன்னு ராத்திரி தோட்டத்துல எல்லாரும் காத்து கெடக்காங்க, இவங்க வாசிச்சு வாசிச்சு பாக்கறாங்க, பறவை வாயே திறக்கல, ஒலிபரப்பு முடியற நேரத்துல பாடிருச்சு. லட்சக்கணக்கான பேர் கேட்டாங்க, அடுத்தடுத்த வருஷங்கள்லயும் நடத்தினாங்க. 2022-ல ஒரு பேச்சு கிளம்புச்சு, அன்னிக்கு முதல் ராத்திரி பாடினது பறவையே இல்ல, பறவை மாதிரி விசில் அடிக்கற ஒரு மிமிக்ரி கலைஞர்னு. உறுதியான சாட்சி இல்ல, இல்லன்னும் சொல்ல முடியல. எபிசோட்ல அந்த சந்தேகத்த கடைசில கொண்டு வந்து வச்சிட்டு, நீங்களே முடிவு பண்ணிக்கங்கன்னு பிற்காலத்து பதிவு ஒண்ண போட்டு விட்டுட்டாங்க. அதே எபிசோட்ல 1942 கதையும் வருது, நைட்டிங்கேல் பாட்ட ஒலிபரப்ப பிபிசி மைக் தயாரா இருக்கறப்ப தலைக்கு மேல குண்டு போட போற விமானங்க கூட்டமா வருது, நேரடியா போனா எதிரிக்கு தகவல் போயிரும்னு அங்க இருந்த என்ஜினியர் ஒலிபரப்ப நிறுத்திட்டாரு, ஆனா பதிவு மட்டும் ஓடுச்சு. அதக் கேட்டா ஒரு பக்கம் பறவை, அது மேல மெதுவா ஏறி வர இஞ்சின் உறுமல், பறவை நிறுத்தவே இல்ல. யாரும் எதுவும் விளக்கத் தேவையில்ல. நல்லவேளை இங்கயும் பியானோகாரருக்கு லீவு விட்டுட்டாங்க.

இப்படி ஒரு எபிசோட் பண்ண தெரிஞ்ச ஆளுங்கதான், அடுத்து வர மழை விஷயத்தயும் பண்ணியிருக்காங்க, அதான் கடுப்பு. அம்மாவுக்கு தூக்கம் வராதுன்னு "எட்டு மணிநேர காட்டு மழை"ன்னு ஒண்ண போட்டு குடுத்தேன். மூணாவது நாள் காலைல கேக்கறாங்க, "அந்த குருவி என்ன பாவம் பண்ணுச்சுடா, ராத்திரி பூரா ஒரே மாதிரி ரெண்டு தடவ கத்திட்டு நிக்கிது"ன்னு. நான் உக்காந்து போன்ல டைமர் வச்சு பாத்தா சரியா ஒண்ணரை நிமிஷத்துக்கு ஒருக்கா அதே குருவி, அதே ரெண்டு கத்து, அதே இலைல அதே சொட்டு. எட்டு மணிநேர மழை இல்ல, தொண்ணூறு செகண்ட் மழைய முந்நூத்தி இருபது தடவ ஓட விட்டிருக்காங்க. சரிப்பா லூப் போட்டுட்டு போங்க, லூப்புன்னு எழுதிட்டு போடலாம்ல.

மரம் வெட்டறத பத்தி ஒரு எபிசோட், அதுல பெர்னி க்ராஸ்ங்கற ஒலிப்பதிவாளரோட கதை. கலிபோர்னியா மலைப்பக்கம் லிங்கன் மெடோன்னு ஒரு புல்வெளி, சுத்தி காடு. மரக்கம்பெனி சொல்லுது, மொத்தமா வெட்ட மாட்டோம், அங்கங்க பொறுக்கித்தான் வெட்டுவோம், காட்டுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு. இவரு 1988-ல வெட்டறதுக்கு முன்னாடி விடியக்காலை சத்தத்த பதிவு பண்றாரு, வெட்டினப்புறம் அடுத்த வருஷம் அதே எடம், அதே மாசம், அதே நேரம் போய் திரும்ப பதிவு பண்றாரு. போட்டோ எடுத்து பாத்தா ரெண்டும் ஒண்ணுதான், கண்ணுக்கு வித்தியாசம் தெரியல. சத்தம் கேட்டா முதல்ல ஒரு சந்தையே இருக்கு, ரெண்டாவதுல ஓடை ஓடுது, ஒரு மரங்கொத்தி தட்டுது, அவ்ளோதான். இத ஒண்ணு பக்கத்துல ஒண்ணா போட்டு காட்டறாங்க, முதல் தடவ கேட்டப்ப ரெண்டாவது பதிவுல என் ஹெட்ஃபோன் ஒரு பக்கம் போயிருச்சோன்னு கழட்டி பாத்தேன், நெஜமா. ஆனா அதுக்கப்புறம் உயிர்களோட சத்தத்துக்கு ஒரு பேர், காத்து தண்ணி சத்தத்துக்கு ஒரு பேர், மனுஷன் போடற சத்தத்துக்கு ஒரு பேர்னு கிளாஸ் எடுக்க ஆரம்பிச்சிருறாங்க, பத்து நிமிஷம், பரீட்சை மட்டும்தான் வைக்கல.

இனி அந்த கவாயி தீவு எபிசோட். ஹவாயில கவாயி ஓ-ஓன்னு ஒரு கருப்பு பறவை, தேன் குடிக்கற வகை. வெளில இருந்து வந்த எலி, கொசுவால பரவற பறவை மலேரியா, காடு அழிஞ்சது, புயல்னு ஒவ்வொண்ணா சேந்து கடைசில ஒரே ஒரு ஆண் மிச்சம். இந்த பறவைங்க ஜோடியா மாத்தி மாத்தி பாடறவை. மிச்சம் இருந்தது ஒண்ணு, அது தன்னோட வரிய பாடிட்டு நிறுத்துது, ஜோடி பாட வேண்டிய எடத்துல இடைவெளி விடுது, ஒண்ணும் வரல, திரும்ப பாடுது. 1987-க்கு அப்புறம் அந்த குரல யாரும் கேக்கல, 2023-ல அமெரிக்க அரசு அது அழிஞ்சு போச்சுன்னு அதிகாரப்பூர்வமா பட்டியல்ல இருந்து எடுத்துட்டாங்க. பதிவு இருக்கு, நான் கேட்டேன். பஸ்ல உக்காந்து கேட்டிருக்க கூடாது, பக்கத்துல இருந்தவரு தண்ணி பாட்டில நீட்டினாரு.

அந்த இடைவெளியோட எபிசோட் முடியுது, முடிஞ்ச அடுத்த செகண்ட், ஒரு செகண்ட் கூட இல்ல, ஆட்டோ பிளேல ஒரு அம்மா உற்சாகமா "இன்று உங்கள் மனதை லேசாக்கலாமா"ன்னு ஆரம்பிக்கறாங்க. முதல் தடவ டெலீட் பண்ணது அன்னிக்குதான்.

கதை சொல்ற விதத்துல இன்னொரு குறை, இத நிறைய பேர் கவனிக்க மாட்டாங்கன்னு நினைக்கறேன். யாரெல்லாம் பேசறாங்கன்னு எண்ணி பாருங்க. விஞ்ஞானி பேசறாரு, ஒலிப்பதிவாளர் பேசறாரு, எழுத்தாளர் பேசறாரு. அந்த எடத்துலயே பொறந்து வளந்து மீன் பிடிக்கறவரு, ஆடு மேய்க்கறவங்க வந்தா ரெண்டு வார்த்தை அவங்க மொழில கேக்கும், உடனே அது மேல ஸ்டுடியோ குரல் ஏறி அமுக்கிருது. தவளை குரல முழுசா விடறாங்க, மனுஷன் குரல விடல! தேன்காட்டி எபிசோட் ஏன் தனியா நிக்கிதுன்னு யோசிச்சப்ப இதுதான் பட்டுது, அதுல அந்த தேன் எடுக்கறவரு பேசறது முழுசா கேக்கும், அவரு முடிச்சப்புறம்தான் மொழிபெயர்ப்பு வரும், அவரு சிரிக்கறது கூட அப்படியே இருக்கு. மனுஷனுக்கும் இயற்கைக்கும் இருக்கற உறவுன்னு போர்டு மாட்டிட்டு, அந்த உறவுல தினமும் இருக்கறவன் குரல அமுக்கினா அப்புறம் என்ன உறவு கதை.

டெக்னிக்கலா சொல்லணும்னா, பஸ்ஸுக்கு இது லாயக்கில்ல. மெதுவான சத்தம் ரொம்ப மெதுவா வருது, வால்யூம் ஏத்தினா அடுத்து இடி இடிச்சு காது கிழியுது. வீட்ல அமைதியா இருக்கறப்ப அதே வித்தியாசம்தான் அழகு, அதனால இத குறைன்னு முழுசா சொல்ல மாட்டேன். 1.5 வேகத்துல வச்சு கேக்காதீங்க, நான் பழக்க தோஷத்துல வச்சு ஒரு ஆந்தைய கோழி ஆக்கிட்டேன். போன் ஸ்பீக்கர்ல கேட்டா பாதி சத்தம் காணாம போயிரும், திமிங்கலத்தோட அடிக்குரல் எல்லாம் சுத்தமா இருக்காது, சாதா வயர் ஹெட்ஃபோன் போதும். டவுன்லோட் அடிக்கடி பாதில நிக்கிது. எழுத்து வடிவம் எதுக்குமே குடுக்கல, காது சரியா கேக்காதவங்க இந்த கதைங்க பக்கமே வர முடியாது. அதேசமயம் கண்ணு தெரியாத என் பிரெண்ட் ஒருத்தன் இதுக்கு அஞ்சுக்கு அஞ்சு குடுப்பான், "முதல் தடவையா யாரும் எனக்கு படத்த விளக்காம நேரா விஷயத்துக்கு வந்தாங்க"ன்னான். அவனுக்கு மட்டும் வயலின் கூட பிடிச்சிருக்கு, அதுக்கு நான் என்ன பண்ண.

மொத்தமா நாப்பது எபிசோட் கேட்டிருப்பேன், அதுல ஏழெட்டு திரும்ப திரும்ப கேக்கலாம், பதினஞ்சு ஒரு தடவ கேக்கலாம், மீதி பியானோ. அஞ்சுக்கு மூணரை. சேரணும்னு நினைச்சா முதல்ல ஆட்டோ பிளேய அணைச்சிருங்க, தேன்காட்டில ஆரம்பிங்க, வாசிக்கறவரு மூச்சு விட்டு பேசற "அமைதி" வரிசை பக்கம் போகாதீங்க. ஆட்டோ ரினியூவல் நான் நிறுத்தி வச்சிருக்கேன், இன்னும் நாலு மாசம் இருக்கு, அதுக்குள்ள மியூசிக் பட்டன் வருதான்னு பாப்போம்.

மழை டிராக்க அழிச்சிடலாம்னு போனேன், அம்மா விடல. இப்ப அந்த குருவிக்கு பேரே வச்சிட்டாங்க, அது கத்தறதுக்கு ஒரு செகண்ட் முன்னாடி "வா வா"ன்னு இருட்டுல முணுமுணுக்கறது என் ரூம் வரைக்கும் கேக்குது.